நிலத்தடித் தளத்தில் குழாய் நுழையும் இடம் ஒழுகுகிறதா? அறிகுறியைப் பார்த்து அடைக்கும் வழி

நிலத்தடித் தளத்துக்குள் தண்ணீர் வருகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடங்களைத்தான் போய்ப் பார்ப்பேன். சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதில் ஒரு துளை போட்டு, துளையைவிடச் சிறிய குழாயைச் செருகி, மிச்ச இடுக்கில் கொஞ்சம் கலவையை அப்பிவிட்டுப் போயிருப்பார்கள். வெளியே மண் ஊறி, சுவரை ஒட்டி நீர் 2 மீட்டர் உயரத்துக்கு நின்றால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் அழுத்தம் விழுகிறது. அந்த அழுத்தத்துக்கு நூல் அளவு இடுக்கு போதும்.

இந்த வேலையில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கவேண்டும். தண்ணீர் நிற்கவேண்டும், குழாய் அசையவும் இடம் இருக்கவேண்டும். பலரும் முதலாவதை மட்டும் செய்கிறார்கள். பிவிசி குழாய் வெப்பத்துக்கு விரிவது கான்கிரீட் விரிவதைப் போல ஐந்தாறு மடங்கு. 10 மீட்டர் குழாயில் 20 டிகிரி வித்தியாசம் வந்தால் சுமார் 12 மி.மீ. நீள்கிறது, அதே நீளக் கான்கிரீட் 2 மி.மீ. தான் நீள்கிறது. போதாததற்கு, வெளியே இருக்கும் மண் அமுங்கும்போது குழாயைக் கீழே இழுக்கிறது. வெறும் சிமென்டால் இறுக அடைத்த வாய் இதைத் தாங்காது. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உளியைத் தொடும் முன்

சுவரையும் குழாயையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துக் குழாயின் மேல் விளிம்பு, பக்கங்கள், கீழ் விளிம்பு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒற்றினால் முதலில் நனையும் இடம் தெரிந்துவிடும். சொட்டு எப்போதும் கீழ் விளிம்பில்தான் விழும். அதை வைத்துக் கீழேதான் ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள். மேல்பக்கம் நுழைந்த நீர் குழாயின் முதுகில் ஊர்ந்து, பக்கவாட்டில் இறங்கி, அடியில் சொட்டுவதுதான் வழக்கம்.

எந்தக் குழாய் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எரிவாயு வரும் குழாய் என்றால் அந்த இடத்தைச் செதுக்காதீர்கள், தட்டவும் வேண்டாம். எரிவாயு இணைப்பைப் பராமரிப்பவர்களை அழையுங்கள். மின்கம்பி வரும் குழாய் என்றால், ஈரத்தைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். அதைத் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

குழாய் முழுக்க முத்து முத்தாக நீர், சுவர் காய்ந்திருக்கிறது

இது ஒழுகல் இல்லை. குளிர்ந்த குழாயின் மேல் அறையின் ஈரக்காற்று பட்டு வேர்க்கிறது. சந்தேகமாக இருந்தால், குழாயை ஒட்டிய சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து ஓதம் ஏறுகிறது. வேர்வைக்கு மருந்து, குழாய்க்கு நுரை உறை மாட்டுவதும் அறைக்குக் காற்றோட்டம் கொடுப்பதும்தான். இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் வாங்கிப் பணத்தை வீணாக்கவேண்டாம்.

மழையே இல்லை, ஆனாலும் ஒரே சீராகச் சொட்டுகிறது

குழாயே உடைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டிய நேரம் இது. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடவேண்டாம். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்குப் பிறகு எங்கோ கசிவு இருக்கிறது. கழிவுக் குழாய் என்றால், மேலே உள்ள கைகழுவும் தொட்டியில் அடர்ந்த உணவுச் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுக் கீழே வந்து காத்திருங்கள். சாயம் சுவரோரம் தலைகாட்டினால், சுவருக்குள்ளோ சுவருக்கு வெளியிலோ உள்ள இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. நாற்றம் இருந்தால் சந்தேகமே இல்லை.

இரும்புக் குழாயைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை வழிந்திருந்தால், அது சுவருக்குள்ளேயே துருப்பிடித்துத் தேய்ந்துகொண்டிருக்கலாம். இந்த நிலைகளில் வெளிவாயை அடைத்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி வேறு வழி தேடும். குழாயை முதலில் சரிசெய்யுங்கள். இடுக்கை அடைப்பது அதற்குப் பிறகு.

இப்போதே தண்ணீர் பீறிட்டு வருகிறது

இதற்கு வேண்டியது சில நிமிடங்களில் இறுகும் சிமென்ட். கடையில் வாட்டர் பிளக் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஓடும் நீரிலேயே பிடித்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் இறுகி, இறுகும்போது துளி விரியவும் செய்யும். ஆனால் பீறிடும் வாயில் அப்படியே அப்பினால் நீர் அதைத் தள்ளிவிட்டு வரும். ஆகவே முதலில் வாயைத் தயார் செய்யவேண்டும்.

குழாயைச் சுற்றி உளியால் செதுக்கி, பழைய உதிர்ந்த கலவை முழுவதையும் எடுங்கள். அகலம் 2 செ.மீ.க்குக் குறையாமலும் ஆழம் 5 செ.மீ. வரையிலும் இருக்கட்டும். வெளிவாயைவிட உள்பக்கம் அகலமாக வருமாறு, உளியைச் சாய்த்துப் பிடித்துச் செதுக்கவேண்டும். கூம்பைத் தலைகீழாகப் பதித்ததுபோல. வெளிவாய் அகலமாக இருந்தால் அடைப்பு நழுவி வந்துவிடும். பிவிசி குழாய்ப் பக்கம் உளி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயின் மேல் ஒரு தகரத் துண்டைச் சுற்றிக்கொண்டால் கை தவறினாலும் காப்பாற்றும்.

அடுத்து, நீர் வேகமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே விரல் தடிமன் உள்ள ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள். வரும் நீர் எல்லாம் அந்தத் துண்டு வழியாக ஒரு வாளிக்குள் விழட்டும். அழுத்தம் அங்கே தணிந்தால்தான் மற்ற இடத்தில் கலவை நிற்கும். இந்த ஒரு படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் பை பையாக வாட்டர் பிளக்கை வீணாக்குகிறார்கள்.

இனி கலவை. ஒரு கைப்பிடி அளவுதான் ஒரு தடவைக்கு. அதற்குமேல் குழைத்தால் கையிலேயே கல்லாகிவிடும். ரப்பர் கையுறை கட்டாயம், ஏனென்றால் ஈரச் சிமென்ட் தோலை அரித்துவிடும். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்து உருட்டிக் கையில் வைத்திருங்கள். சிறிது நேரத்தில் உருண்டை உள்ளங்கையில் இளஞ்சூடாகும். அந்தச் சூடு தெரிந்ததும் வாயில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முழு பலத்தோடு அழுத்துங்கள். அழுத்தியபடியே நில்லுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கைக்கு அடியில் அது மரக்கட்டைபோல் ஆகும்போது உங்களுக்கே தெரியும். மேலிருந்து தொடங்கிப் பக்கங்களில் இறங்கி வாருங்கள். ரப்பர் குழாய் செருகிய இடம் கடைசி. சுற்றிலும் இறுகிய பிறகு, ஒரு உருண்டையைத் தயாராக வைத்துக்கொண்டு, ரப்பர் துண்டைச் சட்டென்று உருவி அந்த வாயையும் அடைத்துவிடுங்கள்.

வெந்நீரில் குழைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும், குளிர்ந்த நீரில் தாமதிக்கும். முதல்முறை செய்கிறவர்கள் குளிர்ந்த நீரில் தொடங்குவதே நல்லது.

வாயை முழுக்க நிரப்பவேண்டாம். சுவரின் முகத்திலிருந்து 2.5 செ.மீ. உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்ச ஆழம் அடுத்த அடுக்குக்கு வேண்டும்.

மழை பெய்தால் மட்டும் குழாயைச் சுற்றி ஓதம், சில நாளில் காய்ந்துவிடுகிறது

பெரும்பாலான வீடுகளின் தொல்லை இதுதான். குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நீர் கான்கிரீட்டின் வழியே வரும்போது கரைத்துக் கொண்டுவரும் சுண்ணாம்பு அது. ஓதம் எத்தனை நாளாக வந்துபோகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

சுவர் காய்ந்திருக்கும் காலத்தில் இந்த வேலையை எடுங்கள். பலர் மழைக்காலத்தில் ஈரத்தைப் பார்த்ததும் பதறி ஓடிவந்து, ஈரச் சுவரில் சிலிகானைத் தடவிவிடுகிறார்கள். ஈரக் கான்கிரீட்டில் சிலிகான் ஒட்டாது, தோல்போல உரிந்து வரும். அது போதாதென்று, அடுத்து நீங்கள் பூசப்போகும் எந்தப் பொருளையும் பிடிக்கவிடாமல் ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். ஏற்கெனவே சிலிகான் இருந்தால் கத்தியால் கீறி எடுத்து, கான்கிரீட்டின் மேல்தோலையும் ஒரு மி.மீ. சுரண்டிவிடுங்கள்.

செதுக்கும் முறை மேலே சொன்னதுதான். செதுக்கிய பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியை ஊதியோ வாக்குவம் வைத்தோ எடுக்கவேண்டும். பிவிசி வழுவழுப்பானது, அதன்மேல் சிமென்ட் சும்மா உட்கார்ந்திருக்குமே தவிர ஒட்டாது. சொரசொரப்பான உப்புத்தாளால் குழாயைச் சுற்றித் தேய்த்துப் பளபளப்பை எடுங்கள். உள்ளே அடைக்கும் அடுக்குக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வாட்டர் பிளக். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: எண்ணெய்ப் பிசுக்கில்லாத சணல் நாரை, தண்ணீர் பட்டால் பொங்கும் பாலியூரித்தேன் திரவத்தில் ஊறவைத்து, இடுக்கில் திணிப்பது. நாரை விரல் தடிமனுக்குக் கயிறாக முறுக்கி, திரவத்தில் தோய்த்து, குழாயைச் சுற்றி விட்டுக்கொண்டே போய் மழுங்கிய உளியால் இறுக்குங்கள். பிறகு ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் திரவம் நுரைத்துப் பொங்கி ஒவ்வொரு சந்திலும் புகும். வளைவுநெளிவாகக் கையால் உடைத்த துளைகளில் இதைவிடச் சுலபமாக உட்காரும் பொருளை நான் பார்க்கவில்லை. இறுகிய பிறகும் ரப்பர்போலக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இந்தத் திரவத்தைக் கையாளும்போது கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். தோலில் பட்டால் லேசில் போகாது, ஆவியும் மூச்சுக்கு ஆகாது.

திரவம் வாங்கும்போது ஒன்று கேளுங்கள். பொங்கிய பிறகு தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் வகை, தண்ணீரைத் தள்ளிவிடும் வகை என்று இரண்டு உண்டு. முதல் வகை காய்ந்தால் சுருங்கும். வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் இடத்துக்கு இரண்டாவது வகையே சரி.

அப்புறம்தான் அசைவுக்கான அடுக்கு. மிச்சமிருக்கும் பள்ளத்தின் அடியில் பேக்கர் ராட் என்னும் நுரைக்கயிற்றை வைத்து அமுக்குங்கள். இடுக்கைவிடக் கால் பங்கு பருமனாக இருந்தால் இறுக உட்காரும். அதன்மேல் பாலியூரித்தேன் சீலன்ட். இடுக்கு 2 செ.மீ. அகலம் என்றால் சீலன்ட் 1 செ.மீ. ஆழம் போதும், அதாவது அகலத்தில் பாதி. அதிகம் ஊற்றினால் பலமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் தடித்த சீலன்ட் நீளாது, ஓரத்தில் பிய்த்துக்கொள்ளும். நுரைக்கயிறு எதற்கு என்றால், சீலன்ட் குழாயையும் கான்கிரீட்டையும் மட்டும் பிடிக்கவேண்டும், அடியைப் பிடிக்கக்கூடாது. மூன்று பக்கமும் பிடித்த ரப்பரை இழுத்துப் பாருங்கள், நடுவில் கிழியும். இரண்டு பக்கம் மட்டும் பிடித்தது இழுத்த இழுப்புக்கு வரும். சோப்பு நீரில் நனைத்த விரலால் சற்றுக் குழிவாக வழித்துவிடுங்கள். காற்றின் ஈரத்தால்தான் இது இறுகும், நாளுக்கு 2, 3 மி.மீ. என்ற கணக்கில். ஒரு வாரத்துக்கு நீர் பாய்ச்சிச் சோதிக்கவேண்டாம்.

துளை வட்டமாக, மெஷினால் அறுத்ததாக இருந்து, குழாய் நடுவில் நின்றால் இவ்வளவு பாடு வேண்டாம். ரப்பர்க் கட்டிகளை போல்ட்டால் கோத்த சங்கிலி வளையம் கிடைக்கிறது. குழாயைச் சுற்றி மாட்டி, இடுக்குக்குள் தள்ளி, ஒவ்வொரு போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வந்து முறுக்கவேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் குழாய் ஒருபக்கம் தள்ளிப்போய் எதிர்ப்பக்கம் இளகிவிடும்.

அடைத்தது நன்றாகத்தான் இருந்தது, சில மாதத்தில் திரும்ப ஒழுகுகிறது

பழைய அடைப்பை உற்றுப் பாருங்கள். குழாய்க்கும் சிமென்டுக்கும் நடுவில் தலைமுடிபோல வட்டமாக ஒரு விரிசல் ஓடினால், குழாய் அசைந்திருக்கிறது. சிமென்ட் மட்டும் வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி 2.5 செ.மீ. ஆழத்துக்குச் செதுக்கி, மேலே சொன்ன நுரைக்கயிறும் சீலன்டும் வையுங்கள். அடைப்பு மொத்தமாகக் கழன்று அசைந்தால், வாயை உள்பக்கம் அகலமாகச் செதுக்காமல் விட்டிருக்கிறார்கள். சீலன்ட் மட்டும் முன்னால் புடைத்துக்கொண்டு நின்றால், பின்னால் நீரைத் தாங்க எதுவும் இல்லாமல் வெறும் சீலன்டையே நம்பியிருக்கிறார்கள்.

மஞ்சள் நுரை பொங்கி வழிந்து காய்ந்திருந்தால், அது கதவு ஜன்னல் சட்டத்தின் சந்தில் காற்றை அடைக்க விற்கும் டப்பா நுரை. அழுத்தத்தோடு வரும் நீரை அது நிறுத்தாது. தோண்டி எடுத்துப் பிழிந்து பாருங்கள், பஞ்சுபோலத் தண்ணீர் விடும்.

குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் இருக்கிறது, எதில் ஒழுகுகிறது என்று தெரியவில்லை

சுவர் வார்க்கும்போதே ஸ்லீவ் என்னும் வெளிக்குழாயை வைத்திருந்தால் நீருக்கு இரண்டு பாதை. ஸ்லீவுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒன்று, ஸ்லீவுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒன்று. உள்பாதையை எவ்வளவு அழகாக அடைத்தாலும் வெளிப்பாதை ஒழுகினால் சுவர் நனைந்துதான் இருக்கும். டிஷ்யூ காகிதச் சோதனையை இரண்டு வட்டத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஸ்லீவின் நடுவில் தகடு வைத்த படில் ஃபிளேஞ்சைக் கம்பி கட்டும்போதே பதித்துவிட்டால் இந்த இரண்டாவது பாதை பிறக்கவே பிறக்காது.

மின்கம்பி வரும் குழாயின் உள்ளேயிருந்தே தண்ணீர் வருகிறது

முதலில் மெயினை அணையுங்கள். மின்பெட்டிக்குள் நீர் போயிருந்தால், அல்லது மெயின் சுவிட்சுக்கு முந்தைய கம்பி என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்கள் கைவைக்கவேண்டாம். வெளியே உள்ள குழியிலோ சந்திப்புப் பெட்டியிலோ நீர் நிரம்பி, குழாயே ஓடைபோல அதை உள்ளே கொண்டுவருகிறது. வெளிமுனையை அடைப்பதும் அந்தக் குழியின் நீரை வடிப்பதும்தான் தீர்வு. உள்முனையில் காயாத களிபோன்ற அடைப்புப் பொருளை வைக்கலாம், பின்னால் கம்பி இழுக்கவேண்டி வந்தால் கையாலேயே எடுத்துவிடலாம். சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால் கம்பி மாற்றும் நாளில் சுவரை உடைக்கவேண்டியிருக்கும்.

அடைத்த இடம் காய்ந்துவிட்டது, ஒரு அடி தள்ளி நனைகிறது

உங்கள் அடைப்பு வேலை செய்கிறது என்பதற்கு இது அடையாளம். நீர் வேறு வழி பார்த்துக்கொண்டது. துளையின் ஓரத்திலிருந்து கிளம்பும் விரிசலோ, சரியாகக் குத்தாமல் வார்த்ததால் தேன்கூடுபோல ஆன கான்கிரீட்டோ இருக்கும். சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடத்தில் சத்தம் மாறும்.

இங்கே மேற்பூச்சு உதவாது. சுவரில் சாய்வாகத் துளையிட்டு, அழுத்தத்தோடு பாலியூரித்தேன் செலுத்தும் கிரவுட்டிங் வேலை இது, பழக்கப்பட்டவர்களிடம் கொடுப்பதே நல்லது. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருங்கள். 30 செ.மீ. சுவர் என்றால், குழாயின் பக்கவாட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி 45 டிகிரி சாய்வில் துளையிட்டால் சுவரின் நடுவில் குழாயின் பக்கத்தைத் தொடும். சாய்வில் அந்தத் தூரம் 21 செ.மீ. டிரில் பிட்டில் 20 செ.மீ.க்கு முன்பே டேப் சுற்றி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். குழாயையே துளைத்துவிட்டால் கதை வேறு.

எல்லாம் செய்தாகிவிட்டது, பெருமழைக்கு மட்டும் இன்னும் கசிகிறது

இனி வெளியேதான் பார்க்கவேண்டும். குழாய் புதைக்க வெட்டிய பள்ளத்தைத் திரும்ப மூடும்போது மண்ணை யாரும் இறுக்குவதில்லை, குழாய்க்கு அடியில் மணலும் போட்டிருப்பார்கள். சுற்றியுள்ள கெட்டி மண்ணைவிட நீர் அதில்தான் சுலபமாக ஓடும். தோட்டத்தில் விழும் மழையைச் சேர்த்து நேராக உங்கள் சுவர்த்துளைக்குக் கொண்டுவரும் கால்வாய் அது. இத்தனை நாள் உள்ளே அடைத்தும் அந்தக் கால்வாய் அப்படியே இருந்திருக்கிறது.

சுலபமான வேலை முதலில். கூரைநீர்க் குழாயின் வாய் சுவரோரம் கொட்டினால் அதை 2, 3 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். சுவரிலிருந்து 3 மீட்டருக்கு 15 செ.மீ. தாழும்படி மண்ணைச் சரித்து இறுக்குங்கள். இது மட்டுமே பல வீடுகளில் ஒழுகலைப் பாதியாக்கிவிடும். பிறகு தோட்டக் குழாயால் சோதியுங்கள். சுவரிலிருந்து தூரமான இடத்தில் தொடங்கி, குழாய் போகும் தடத்தின் மேல் அரைமணி நேரம் நீர் விட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். வரவில்லை என்றால் ஒரு மீட்டர் நெருங்கி வந்து திரும்பவும். எந்த இடத்தில் விட்டதும் உள்ளே நனைகிறதோ, அதுவரைக்கும்தான் தோண்டவேண்டும்.

தோண்டுவது என்று முடிவானால், இடுப்பளவுக்கு மேல் ஆழமான குழியில் முட்டுக் கொடுக்காமல் இறங்காதீர்கள். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, ஈரமண் எச்சரிக்காமல் சரியும். குழாய் வெளிப்பட்டதும் வெளிச்சுவரில் துளையைச் சுற்றிக் கழுவித் துடைத்து, உள்ளே செய்ததையே இங்கும் செய்து, அதன்மேல் ஒட்டும் தார் விரிப்பைக் குழாய்மேலும் சுவர்மேலும் ஏறும்படி ஒட்டுங்கள். வெளியிலிருந்து செய்தால் நீரின் அழுத்தமே அடைப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும். உள்ளிருந்து செய்ததை அதே அழுத்தம் பிடுங்கப் பார்க்கும். மூடும்போது, சுவரை ஒட்டி அரை மீட்டர் நீளத்துக்குக் குழாயின் அடி, பக்கம், மேல் எங்கும் மணல் இல்லாமல் களிமண்ணை மட்டும் போட்டு, 15 செ.மீ. அடுக்கு அடுக்காக இடித்து இறுக்குங்கள். நீர் பட்டால் உப்பும் பெண்டோனைட் களிமண்ணைக் கலந்தால் இன்னும் நல்லது. குழாய்க்கு அடியில் இறுக்காமல் விட்டால், மண் அமுங்கிக் குழாய் தொங்கி, உள்ளே வைத்த சீலன்டைக் கிழிக்கும். அந்த இடத்தில் மட்டும் கையால் திணித்துத் திணித்து இறுக்குங்கள்.

முதல் பெருமழையன்று டார்ச்சையும் டிஷ்யூ காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, மேல் விளிம்பிலிருந்து ஒற்றிப் பாருங்கள். மண் முழுக்க ஊறி நீர் சுவரை எட்ட ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும் என்பதால், மழை விட்ட மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.